குன்றுநாட்டில் மவுண்டன் பைக்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இங்கிலாந்தின் தெற்கே, வின்செஸ்டர் நகரில் தொடங்கி ஈஸ்ட்போர்ன் கடற்கரை வரை சுமார் 160 கிலோமீட்டர் நீளும் பாதை சவுத் டவுன்ஸ் வே. புல் மூடிய தாழ்ந்த குன்றுகள், கோதுமை வயல்கள், ஆடு மேயும் சரிவுகள், சின்னஞ்சிறு ஊர்கள் ஆகியவற்றின் ஊடே அது செல்கிறது. 1972-இல் திறக்கப்பட்டு, பிற்பாடு வின்செஸ்டர் வரை நீட்டிக்கப்பட்டது. நடப்பவர், குதிரையில் வருபவர், சைக்கிள் ஓட்டுபவர் என மூவருக்கும் அதில் இடமுண்டு. 2010-இல் இந்த நிலப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கிராமப்புறத்தை மவுண்டன் பைக்கில் சுற்றிப் பார்க்க இதைவிட நல்ல இடங்கள் குறைவு. பார்வைக்குச் சாதுவான நிலம் என்பதாலேயே இதைப் பற்றித் தவறான எண்ணங்களும் நிறைய உலவுகின்றன.

“மவுண்டன் பைக் மலையில் ஓட்டத்தான்”

இவ்வகைச் சைக்கிள் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்து மலைச்சரிவுகளில் உருவானது உண்மை. 1976-இல் ஃபேர்ஃபேக்ஸ் ஊருக்கு அருகே ரீபேக் என்ற மண்சாலையில் பழைய சைக்கிள்களைக் கொண்டு சரிவிறங்கும் பந்தயம் நடந்தது. அடுத்த ஆண்டு ஜோ பிரீஸ் இதற்கென்றே தனிச் சட்டகம் செய்தார். ஆனால் கரடுமுரடான தடத்தில் சைக்கிள் விடும் வழக்கம் அதைவிட மூத்தது. ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப் என்ற சங்கம் 1955-லேயே இங்கிலாந்தில் அமைந்துவிட்டது. அதன் உறுப்பினர்கள் சாதாரணச் சைக்கிளையே மண்தடங்களில் ஓட்டினார்கள்; ஓட்ட முடியாத இடத்தில் தோளில் தூக்கிப் போனார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் போட்டி நடந்ததும் எஸ்ஸெக்ஸ் கரையோரத்திலுள்ள ஹேட்லி என்ற பண்ணை நிலத்தில்தான். அகன்ற டயரும் தாழ்ந்த கியரும் நல்ல பிரேக்கும் வேண்டுமா என்பதைத் தரையின் தன்மையே தீர்மானிக்கிறது.

“குன்று சிறியது, ஓட்டம் எளிது”

பாதையின் உயரமான பகுதியான பட்சர் குன்று 270 மீட்டர். டிச்லிங் பீக்கன் 248 மீட்டர். இந்த எண்களைப் பார்த்துவிட்டுப் பயிற்சியில்லாமல் கிளம்புவோர் இரண்டாம் நாளே களைத்துவிடுகின்றனர். மியோன், அருண், அடூர், ஊஸ், கக்மியர் ஆகிய ஆறுகள் குன்றுத் தொடரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு கடலை நோக்கிப் போகின்றன. ஒவ்வோர் ஆற்றுக்கும் பாதை பள்ளத்தாக்கு வரை இறங்குகிறது. அருண் முதல் கிழக்கே உள்ள ஆறுகளில் அது ஏறக்குறைய கடல் மட்டத்தையே தொட்டு, மறுகரையில் மீண்டும் உச்சிக்கு ஏறுகிறது. முழுப் பாதையின் ஏற்றங்களையும் கூட்டினால் ஏறத்தாழ 4,000 மீட்டர் வரும். பல ஏற்றங்கள் குறுகியவை, ஆனால் செங்குத்தானவை. இருக்கையை விட்டு எழுந்து மிதித்தால் உதிர்கல்லில் பின்சக்கரம் வழுக்கும். அடிவாரத்திலேயே தாழ்ந்த கியருக்கு மாறி, உட்கார்ந்தபடி சீராக மிதித்து ஏறுவதே பலன் தரும்.

“வழியெங்கும் ஊர் இருப்பதால் தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் கவலையில்லை”

இதுதான் அதிகம் பேரைச் சிரமப்படுத்தும் எண்ணம். குன்றுகள் வெண்ணிறச் சுண்ணப் பாறையால் ஆனவை. பெய்யும் மழையை அந்தப் பாறை உறிஞ்சிக் கீழே அனுப்பிவிடுவதால் உச்சியில் ஓடையோ சுனையோ இல்லை. உள்ளே இறங்கிய நீர், அடியிலிருக்கும் நீர் புகாத களிமண்ணால் தடுக்கப்பட்டு வடக்குச் சரிவின் அடிவாரத்தில் ஊற்றாக வெளிவருகிறது. ஃபுல்கிங், போயினிங்ஸ், ப்ளம்ப்டன் போன்ற பழைய ஊர்கள் வரிசையாக அந்த அடிவாரத்தில் அமைந்ததற்குக் காரணம் இதுவே. பாதையோ பெரும்பாலும் மேட்டு முகட்டிலேயே போகிறது. முகட்டிலிருந்து பார்த்தால் ஊரின் கூரையும் தேவாலயக் கோபுரமும் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். ஒரு பாட்டில் தண்ணீருக்காக அங்கே போனால் நூறு மீட்டருக்கு மேல் இறங்கி, அதே அளவு திரும்ப ஏற வேண்டியிருக்கும்.

ஆற்றங்கரை ஊர்களான ஆம்பர்லி, சவுத்ஈஸ், ஆல்ஃப்ரிஸ்டன் ஆகியவை பாதையை ஒட்டியே இருப்பதால் அங்கே தங்கலும் உணவும் சுலபம். வழியில் சில இடங்களில் பயணிகளுக்கெனக் குடிநீர்க் குழாய்களும் உள்ளன. அவை எங்கே இருக்கின்றன என்பதைக் கிளம்பும் முன்பே வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். சிற்றூரில் கடையே இல்லாமல் ஒரு பப் மட்டும் இருப்பதும், அதன் சமையலறை பிற்பகலில் மூடிக் கிடப்பதும் சகஜம்.

“வெள்ளைப் பாதை கெட்டியானது, டயரில் காற்று நிறைய இருக்கட்டும்”

காய்ந்த கோடையில் அந்தத் தடம் கெட்டிதான். மழை பட்டதும் மேற்பரப்பு குழைந்து சோப்பு தடவிய கல்லாகிவிடும். இறக்கத்தில் முன்பிரேக்கை அழுத்திப் பிடித்தவர் விழுவது அநேகமாக உறுதி. சுண்ணச் சேறு டயரின் முடிச்சுகளுக்கிடையே அப்பிக்கொண்டு பிடிப்பையும் போக்கிவிடும். பாறைக்குள் புதைந்திருக்கும் சிக்கிமுக்கிக் கற்கள் உடைந்தால் கத்திமுனை போலக் கூராகி டயரைக் கிழிக்கும். காற்றை இறுக அடித்தால் வேகம் கூடும் என்பது தார்ச்சாலைக்கு ஓரளவு பொருந்தும் கணக்கு. கரடான தரையில் இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளி, மிதிப்பவரின் சக்தியை வீணாக்குகிறது. சற்றுக் குறைந்த காற்று தரையோடு படிந்து உருளும். டியூப் இல்லாத டயருக்குள் துளையடைக்கும் திரவம் ஊற்றி ஓட்டுவது இங்கே பரவலான வழக்கம். இருபுறமும் சஸ்பென்ஷன் உள்ள விலையுயர்ந்த வண்டி இந்தப் பாதைக்குத் தேவையில்லை. முன்பக்க சஸ்பென்ஷன் மட்டும் உள்ளதே போதும்.

“மனிதக் கை படாத இயற்கை”

குன்றின் குட்டைப் புல்வெளி பல நூற்றாண்டு ஆட்டு மேய்ச்சலால் உருவானது. ஆடுகள் இல்லாவிட்டால் சில ஆண்டுகளிலேயே புதர் மூடிவிடும். நன்கு மேய்ந்த புல்வெளியில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைத் தாவரங்கள் வரை காணப்படுவதுண்டு. அது ஒருவருடைய பண்ணை, ஒருவருடைய பிழைப்பு. மூடியிருந்த கேட்டை மூடிவிட்டும், திறந்திருந்ததைத் திறந்தபடியே விட்டும் போவது அந்த உழைப்புக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

“நாட்டுப்புறத் தடம் எல்லாருக்கும் பொது”

ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலங்களில் சைக்கிளில் செல்ல உரிமை தருகிறது. இங்கிலாந்தில் அப்படி இல்லை. மஞ்சள் அம்புக்குறி உள்ளவை நடப்பவருக்கான பாதைகள். அங்கே சைக்கிள் ஓட்ட உரிமையில்லை. நீல அம்புக்குறி உள்ள குதிரைப் பாதைகளிலும், வண்டிகள் சென்ற பழைய தடங்களிலும் ஓட்டலாம். இவை மொத்தப் பொதுவழிகளில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. ஆல்ஃப்ரிஸ்டனுக்குப் பிறகு சவுத் டவுன்ஸ் வே பாதையே இரண்டாகப் பிரிகிறது: செவன் சிஸ்டர்ஸ் என்ற புகழ்பெற்ற வெண்குன்றுகளின் விளிம்பில் போகும் கிளை நடப்பவருக்கு மட்டும், சைக்கிளுக்கு உரியது ஜெவிங்டன் வழியாக உள்நாட்டில் போகும் கிளை.

குதிரைப் பாதையில் சைக்கிளுக்கு இடம் தந்தது 1968-ஆம் ஆண்டு நாட்டுப்புறச் சட்டம். ரீபேக் பந்தயத்துக்கும் எட்டு ஆண்டு முந்தையது அது. நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அந்த அனுமதி வந்தது. சைக்கிளுக்கு ஏற்றபடி பாதையைச் செப்பனிடும் கடமை யாருக்கும் இல்லை என்பதையும் சட்டம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எனவே பள்ளத்தையும் சேற்றையும் பற்றிக் குறைகூற இடமில்லை. பின்னாலிருந்து ஓசையின்றி வரும் சைக்கிள் குதிரையை மிரளச் செய்யும். தூரத்திலேயே வேகம் தணித்து, குரல் கொடுத்து, குதிரைக்காரர் சைகை காட்டிய பிறகு விலகிக் கடப்பதே முறை.

“பாதையைக் கெடுப்பது சைக்கிள்தான்”

1994-இல் வெளியான ஆய்வொன்றில் ஜான் வில்சன், ஜோசப் செனி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் மொன்டானா மலைப்பாதைகளில் இதைச் சோதித்தார்கள். நனைந்த தடத்தில் குதிரைக் குளம்பும் மனிதக் காலடியும் சக்கரங்களைவிட அதிக மண்ணைப் பெயர்த்தன. குதிரையே முதலிடம் பெற்றது. ஆயினும் சேற்றில் தொடர்ந்து ஓடும் சக்கரம் நீண்ட பள்ளக்கோடு போடுகிறது, அந்தக் கோட்டில் மழைநீர் இறங்கி ஓடையாகிறது. சேற்றை ஒதுக்கிப் புல்மேல் ஓட்டினால் தடம் அகன்று, மேய்ச்சல் நிலம் குறைகிறது. அடைமழைக்குப் பிறகு தரை காயும் வரை பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கிளம்பியாகிவிட்டது என்றால் நனைந்த இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போங்கள்.