அம்மை என்று இருந்துவிடாதீர்கள்: புற்றுநோய் மருந்தும் தோலும்

நம் மலையகத் தோட்டங்களிலிருந்து மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கும் கண்டிக்கும் புற்றுநோய்க் கிளினிக்குக்காகச் சென்று வருவோர் பலர். விடியுமுன் பஸ் ஏறி, மருந்து ஏற்றிக்கொண்டு, இருட்டிய பின் லயத்துக்குத் திரும்புகின்றனர். அடுத்த முறை போகும்வரை நோயாளியைப் பார்ப்பவர் வைத்தியர் அல்லர், வீட்டார். பல வீடுகளில் கிளினிக் கொப்பியை வாசிக்கத் தெரிந்தவர் பாடசாலை செல்லும் மகள் மட்டுமே. ஆகவே மாணவியரே, இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

நுரையீரல் புற்றுநோய் சுருட்டும் சிகரட்டும் பிடிப்பவருக்கு மட்டும் வருவதன்று. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், வீட்டினுள் விறகெரியும் புகையும் பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என 2010இல் அறிவித்தது. புகைபோக்கி இல்லாத லயத்து அடுப்படியை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கீமோதெரபி மருந்துகள் விரைவாகப் பிரியும் கலங்களைத் தாக்குகின்றன. புற்றுக்கலம் அப்படிப்பட்டது, தோலின் அடிப்படைக் கலமும், மயிர்வேரும், வாயின் உட்படலமும் அப்படிப்பட்டவையே. முடி உதிர்வதும், வாய் புண்ணாவதும், தோல் வறள்வதும் இதனால்தான். இவை தொல்லை தருபவை. ஆனால் பெரும்பாலும் எதிர்பார்க்கப்படுபவை.

கெஃபிடினிப், எர்லோடினிப் போன்ற மாத்திரைகள் வேறு வகை. ஆசியாவில் புகைபிடிக்காத பெண்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில், ஒரு குறிப்பிட்ட வளர்ச்சி ஏற்பியின் மரபணு மாறியிருப்பது அதிகம். இம்மாத்திரைகள் அந்த ஏற்பியை அடைக்கின்றன. அதே ஏற்பி தோலிலும் உண்டு. அதனால் முதல் இரண்டு வாரங்களுக்குள் முகத்திலும் மார்பிலும் முதுகிலும் பரு போன்ற தடிப்புகள் எழலாம். அது பருவன்று, பருவுக்குக் கடையில் விற்கும் கிறீம் தோலை மேலும் வறளச் செய்யும். வெயில் படாமல் மூடிக்கொள்வதும், மணமில்லாத பூச்சும், வைத்தியர் தரும் மருந்துமே போதுமானவை. முகத்தைக் காட்ட வெட்கப்பட்டு மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் ஆபத்து.

இனி அஞ்ச வேண்டிய தடிப்புக்கு வருவோம். 1922இல் நியூயோர்க்கில் ஸ்டீவன்ஸ், ஜோன்சன் என்ற இரு வைத்தியர்கள், காய்ச்சலோடு கண்ணும் வாயும் புண்ணாகி உடலெங்கும் தடிப்பு எழுந்த இரு சிறுவர்களைப் பற்றி எழுதினர். 1956இல் அலன் லயல் என்ற தோல் வைத்தியர், கொதிநீர் பட்டாற்போல் தோல் உரிந்துபோகும் நிலையை விவரித்தார். இரண்டும் ஒரே நோயின் இரு அளவுகள் என்றே இன்று கொள்ளப்படுகின்றன. உடற்பரப்பில் 10 வீதத்துக்குக் குறைவாக உரிந்தால் முன்னது, 30 வீதத்துக்கு மேற்பட்டால் பின்னது. பின்னதில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இறக்கின்றனர். இது அரிதே, எனினும் புற்றுநோய் மருந்துகள் சிலவற்றால் வரும். அவற்றோடு சேர்த்துக் கொடுக்கும் மருந்துகளாலும் வரும். புற்றுநோய் மூளைக்குப் பரவி வலிப்பு வந்தால் பெனிட்டொயின் கொடுப்பதுண்டு. அதோடு தலைக்குக் கதிர்ச்சிகிச்சையும் நடக்கும்போது இந்த ஆபத்து கூடுவதை வைத்தியர்கள் கண்டிருக்கின்றனர்.

நம் ஊரில் நடக்கக்கூடிய தவறு எதுவென்றால், காய்ச்சலும் கொப்புளமும் கண்டவுடன் “அம்மை போட்டிருக்கு” என்று வேப்பிலை அரைத்துப் பூசி, நோயாளியை அறைக்குள் வைத்துவிடுவது. அது உண்மையில் கொப்புளிப்பானாகவே இருந்தாலும், கீமோதெரபி பெறுபவருக்கு அதுவும் உயிராபத்தே. எனவே எதுவென்று வீட்டில் இருந்தபடி தீர்மானிக்கத் தேவையே இல்லை. தொட்டால் தோல் வலிக்கிறதா, கண் சிவந்து எரிகிறதா, உதடும் வாயும் புண்ணாகி விழுங்க முடியவில்லையா, கொப்புளம் எழுகிறதா, தோல் உரிகிறதா, காய்ச்சல் இருக்கிறதா? அன்றிரவே 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள். அது இலவசம். குடிக்கும் மருந்து அத்தனையையும், தலைவலிக்கு வாங்கியதையும் விடாமல், ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். காரணமான மருந்தை எவ்வளவு விரைவில் நிறுத்துகிறார்களோ அவ்வளவுக்குப் பிழைக்கும் வாய்ப்புக் கூடும். அதைக் கண்டுபிடிக்கும் வேலை அந்தப் பையிலிருந்துதான் தொடங்குகிறது.

பெமெட்ரெக்செட் என்ற மருந்து ஏற்றுவதாயின், அதற்கு முந்தின நாள் தொடங்கி மூன்று நாள் டெக்ஸாமெதசோன் மாத்திரை கொடுப்பர். தோல் தடிப்பைத் தடுக்கவே அது. “இத்தனை மாத்திரையா” என்று அதை விட்டுவிடுவோர் உண்டு. நாட்காட்டியில் அந்த மூன்று நாட்களையும் வட்டமிட்டு வைப்பது மகளின் வேலையாக இருக்கட்டும்.

இன்னொன்று. வினொரெல்பின் போன்ற மருந்து நாளத்தை விட்டுக் கசிந்தால் சுற்றியுள்ள சதையே புண்ணாகிவிடும். ஊசி குத்திய இடம் எரிந்தாலோ வீங்கினாலோ அந்தக் கணமே சொல்ல வேண்டும். ஆனால் கொழுந்து பறித்துக் காய்த்த கையோடு கட்டிலில் கிடக்கும் நம் தாய்மார், தாதிக்குத் தமிழ் தெரியாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவர். புறப்படுமுன் அவருக்கு ஒரு சிங்களச் சொல்லைச் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்: “தெவெனவா”. எரிகிறது என்று அதற்குப் பொருள்.