பள்ளி வாசலில் ஒரு சல்லடை

பள்ளியில் இடம் பிடிப்பது இன்று படிப்பைக் காட்டிலும் கடினமான பாடமாகி விட்டது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மறுநாளே, மதிப்பெண் தாளும் கையுமாகக் கடலூரிலும் சிதம்பரத்திலும் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கும் பெற்றோரைக் காண்கிறோம். இந்நெருக்கடியின் காரணத்தைச் சற்று ஆராய்வோம்.

வாசல் மாறிய கதை

நம் தாத்தாக்கள் காலத்தில் பதினோராம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடிந்தது. அடுத்தது கல்லூரியில் புகுமுக வகுப்பு. 1978-இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி வந்தபோது புகுமுக வகுப்பு விடைபெற்றது. கல்லூரி வாசலில் நின்ற போட்டியும் பள்ளி வாசலுக்குக் குடிபெயர்ந்தது.

சட்டத்தின் எல்லை

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டுவதை அதன் 13-ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், பின்னர் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. ஆனால் அச்சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ளோர்க்கே உரியது. ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, பதினோராம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு இல்லை. அங்கே மதிப்பெண்ணே சல்லடை.

பிள்ளையின் விருப்பம்

புவனகிரியிலிருந்து நான் வரும் காலைப் பேருந்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் தனிப்பயிற்சிக்குப் போகிறார்கள். அவர்களில் ஒரு மாணவியிடம், “அடுத்து என்னம்மா படிக்கப் போகிறாய்?” என்று கேட்டேன். “மார்க் வந்தால்தான் தெரியும் அண்ணா” என்றாள். எனக்கு அது வருத்தமளித்தது. விருப்பத்திற்காகப் படித்த காலம் போய், மதிப்பெண் வந்த பிறகே விருப்பம் பிறக்கும் காலம் வந்துவிட்டது. அதிக மதிப்பெண் என்றால் அறிவியல், குறைந்தால் கலைப் பிரிவு என்று வீட்டிலேயே தீர்ப்பாகி விடுகிறது.

அரசும் மருந்து தேடாமல் இல்லை. பொதுத்தேர்வில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கம் 2017-இல் நிறுத்தப்பட்டது. சில பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டுகள் நடத்தியதால், 2017-18-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது நீக்கப்பட்டது. தேர்வுகள் வரலாம், போகலாம். சேர்க்கையின் அடிப்படை மாறாத வரை அச்சமும் மாறாது.

நம் ஊர் காட்டும் வழி

பிறப்பைக் காட்டிக் கல்வி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகச் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் 1916-இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். வெளியே நிறுத்தப்பட்டவரை உள்ளே அழைப்பதே அப்பள்ளியின் நோக்கம். அந்த மண்ணில் மதிப்பெண்ணைக் காட்டிப் பிள்ளைகளை வெளியே நிறுத்தலாமா?

பிரிவை ஒதுக்குமுன் பிள்ளையின் விருப்பத்தைப் பள்ளிகள் முதலில் கேட்க வேண்டும். பெற்றோர் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை அளவுகோலாகக் கொள்ளலாகாது. அரசு கலைக் கல்லூரி மாணவர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. கோடை விடுமுறையில் நாம் படித்த பள்ளிக்குச் சென்று, வரலாறும் வணிகவியலும் தமிழும் தோற்றவர்க்கு ஒதுக்கிய இடமல்ல, விரும்பிக் கற்கும் துறைகள் என்று தம்பி தங்கையர்க்கு எடுத்துச் சொல்வோம்.