வாரம் ஒரு ஊசி

கேள்வி: என் எட்டு வயது மகளுக்குக் காலையில் முழங்கால் வீங்கி விறைத்துவிடுகிறது. மூட்டுவாதம் என்று வாரம் ஒரு மெத்தோட்ரெக்சேட் ஊசி எழுதியிருக்கிறார்கள். வெளிநாட்டில் இதற்கென்றே நர்ஸ்கள் உண்டாமே?
– ஒரு வாசகி, இருக்கன்குடி

பதில்: உண்டு சகோதரி. பிரிட்டனில் குழந்தை மூட்டுவாதப் பிரிவுகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற நர்ஸ்கள் இருக்கிறார்கள். வீட்டிலேயே ஊசி போடத் தாய்க்குப் பழக்குவார்கள், ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கவனிப்பார்கள், பள்ளிக்கூடத்தில் பேசுவார்கள், சந்தேகம் வந்தால் போனில் கிடைப்பார்கள். நம்மூரில் அப்படியொருவர் கிடைப்பது அரிது. 2022-இல் உங்கள் மாவட்டமான விருதுநகருக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இனி மாவட்டத்துக்கு ஒரு நர்ஸையாவது இதற்குப் பயிற்றுவிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதுவரை அவர் சொல்லியிருக்கக்கூடியதை நான் சொல்கிறேன். மருந்து வாரம் ஒரு நாள்தான். தவறித் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. கிழமையைக் காலண்டரில் குறித்துவையுங்கள். கண்ணை மறக்காதீர்கள். இந்த நோய், சிவப்போ வலியோ காட்டாமலே கண்ணுக்குள் அழற்சி உண்டாக்கிப் பார்வையைக் கெடுக்கலாம். பல குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை தேவைப்படும். மதுரை அரவிந்த் போன்ற கண் மருத்துவமனையில் காட்டுங்கள்.

இன்னொன்று, உங்கள் ஊருக்காகவே சொல்கிறேன். அம்மை கண்டவர்களும் வேண்டுதலோடு வரும் மாரியம்மன் தலம் அது. இந்த மருந்து எடுக்கும் பிள்ளை, அம்மை போட்டவர் அருகில் இருந்துவிட்டால், கொப்புளம் வரும்வரை காத்திராமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். எந்தத் தடுப்பூசிக்கும் முன்பு அவரைக் கேளுங்கள்.

அடுத்த முறை போகும்போது, ஊசி போட உங்களுக்குப் பழக்கிவிடச் சொல்லிக் கேளுங்கள். வாராவாரம் ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏற வேண்டியிராது.