முப்பது டேப் திறந்திருந்தால்

கேள்வி: இ-சேவை மையம் நடத்துகிறேன். பட்டா, வில்லங்கச் சான்று, நகரி பக்கத்து நிலத்துக்கு ஆந்திராவின் மீபூமி என்று முப்பது டேப் திறந்துவிடுகிறது. வேண்டியது அகப்படுவதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், பள்ளிப்பட்டு

பதில்: குறை உங்களிடம் இல்லை; திரை அமைப்பில் இருக்கிறது. மேலே வரிசையாக அடுக்கும்போது, டேப் கூடக்கூட ஒவ்வொன்றும் குறுகி, 'பட்...' என்று தலைப்பு அறுந்து, கடைசியில் சின்னம் மட்டும் மிஞ்சும். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக அடுக்கினால் தலைப்பைப் படிக்க முடியும். எட்ஜில் 2021 முதலும், ஃபயர்பாக்ஸில் 2025 முதலும் இந்த வசதி உண்டு.

குரோமில், மையத்துக்கு வருபவர்களுக்கு ஆளுக்கொரு வண்ண டேப் குழு அமையுங்கள். ஒருவர் எழுந்து போனதும் அவருடைய குழுவையே நீக்கிவிடுங்கள். ஒருவர் பட்டா அடுத்தவர் கண்ணில் படவே கூடாது. கண்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டேப்களுக்குள் தேடலாம். நம் சோஹோ 2023-இல் வெளியிட்ட 'உலா' உலாவியில் வேலைக்கும் சொந்த உபயோகத்துக்கும் தனித்தனி முறையே இருக்கிறது.