இடம் மாறும் கருநிரலும் இடம் கேட்கும் நினைவகமும்

கணினியின் செயல்கள் யாவற்றையும் ஆளும் நிரலைக் கெர்னல் என்பர். தமிழில் கருநிரல் எனலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரல் பல ஆண்டுகளாக நினைவகத்தில் ஒரே முகவரியில் குடியேறி வந்தது. நிரலில் ஒரு பிழையைக் கண்டுகொண்ட கள்வனுக்கு இது பெருவாய்ப்பு. எந்த அறையில் எது உள்ளது என்பதை முன்னரே அறிந்த திருடனுக்கு விளக்கு எதற்கு?

இதற்குத் தடையாக, 2014-இல் வெளியான லினக்ஸ் 3.14 பதிப்பில் ஒரு வழி சேர்க்கப்பட்டது. கணினி இயங்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் கருநிரல் குலுக்கல் முறையில் ஓரிடத்தைத் தேர்ந்து அமரும். 2016-இல் வந்த 4.8, 4.9 பதிப்புகளில் இம்முறை விரிவு பெற்றது. கருநிரல் தன் பணிக்கென ஒதுக்கியிருக்கும் மூன்று பெரும் பகுதிகளின் தொடக்க முகவரிகளும் குலுக்கலுக்கு உட்பட்டன. அவற்றுள் முதன்மையானது, கணினியிலுள்ள நினைவகம் முழுவதையும் வரிசை மாறாமல் காட்டும் நேரடி வரைபடம் ஆகும்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. பெரிய சேவைக் கணினிகள் சிலவற்றில், இயக்கத்தை நிறுத்தாமலேயே நினைவகத்தைச் சேர்க்கலாம், கழற்றலாம். இரவு பகலாக இயங்க வேண்டிய பணிகளுக்கு இவ்வசதி இன்றியமையாதது. வரைபடத்தை இன்றுள்ள நினைவகத்தின் அளவுக்கே அமைத்து, அதை ஒட்டி அடுத்த பகுதியையும் அமர்த்திவிட்டால், நாளை சேரும் நினைவகத்தை எங்கே வரைவது? அண்டை வீட்டுச் சுவரை ஒட்டிக் கட்டியவர் பின்னர் ஓர் அறை கூட்ட இயலாது தவிப்பதை ஒக்கும் இது. ஆகவே வரைபடத்தின் இறுதியில் வெற்றிடம் விடப்பட்டது. நினைவகம் சேர்க்கும் வசதியுள்ள கருநிரலில் அதன் இயல்பான அளவு 10 டெராபைட்.

ஆனால் விட்ட இடம் குலுக்கலுக்கு உதவாது. இதனைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். நான்கு அடுக்கு முகவரி அட்டவணை கொண்ட 64 பிட் இன்டெல், ஏ.எம்.டி. செயலிகளில் மூன்று பகுதிகளுக்கும் பொதுவான வெளி ஏறத்தாழ 117.5 டெராபைட். (இது முகவரிகளின் வெளி, அத்தனை நினைவகம் கணினியில் இருப்பதாகக் கொள்ளலாகாது.) 1 டெராபைட் நினைவகமுள்ள கணினியில் வரைபடத்துக்கு 1, ஏனைய இரு பகுதிகளுக்கு 33 போக, எஞ்சுவது 83.5. இதில் மூன்றிலொரு பங்குவரை வரைபடத்தின் தொடக்கம் தள்ளிப்போகலாம். 1 கிகாபைட் படிகளாக நகர்வதால், அது அமரக்கூடிய இடங்கள் சுமார் 28,500. 10 டெராபைட் வெற்றிடம் விட்டாலோ அவை 25,000 ஆகக் குறையும். இந்த இழப்பு சிறிதே என்பது என் கருத்து. வரைபடத்துக்கு அதன் உச்ச அளவான 64 டெராபைட்டையும் விட்டுவிட்டால் மட்டும் எஞ்சுபவை 7,000 இடங்களே. கள்வனின் தேடல் நான்கிலொரு பங்காகச் சுருங்கிவிடும்.

நினைவகத்தைக் கழற்றும்போது வரும் இடையூறு வேறு வகையானது. கருநிரல் குலுக்கலில் போய் அமர்ந்த இடம், பின்னர் கழற்ற வேண்டிய நினைவகமாகவே இருந்துவிட்டால்? ஏனைய தரவுகளை வேறிடம் பெயர்க்கலாம். கருநிரலைப் பெயர்க்க இயலாது. அந்த நினைவகத்தைக் கழற்றவே முடியாது போகும். எனவே 2019-இல், எந்த நினைவகம் கழற்றத்தக்கது எனக் கூறும் வன்பொருள் அட்டவணையைத் தொடக்கத்திலேயே படித்து, நிலையான நினைவகத்துக்குள் மட்டுமே கருநிரல் இடந்தேடுமாறு திருத்தினர்.

அண்மைக் காலத்தில் வரைகலை அட்டை முதலிய சாதனங்களும் தம் நினைவிடங்களை நேரடி வரைபடத்தில் சேர்க்கக் கோருகின்றன. அவற்றின் முகவரிகள் மிக உயரத்தில் இருப்பதால் 10 டெராபைட் வெற்றிடம் அவற்றுக்குப் போதவில்லை. 2025-இல் செய்த மாற்றத்தின்படி, அத்தகைய சாதன வசதி சேர்க்கப்பட்ட கருநிரலில் வரைபடத்தின் அளவு சுருக்கப்படுவதில்லை; 64 டெராபைட்டும் அப்படியே ஒதுக்கப்படுகிறது. மேலே கண்ட 7,000 இடங்கள் என்ற கணக்கே அங்கு நடைமுறை.