முன்சீட்டில் அப்பாவின் முழங்கால்

கேள்வி: அப்பா ஆறடி உயரம். கோவையிலிருந்து கொச்சியின் மட்டாஞ்சேரி ஜூ டவுனுக்குக் குடும்பத்தோடு எஸ்யூவியில் போகிறோம். முன்சீட்டில் முழங்கால் இடிக்கிறது, தொடை வலிக்கிறது என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளிவிட்டு, அவருக்குப் பின்னால் வீட்டிலேயே குட்டையானவரை உட்கார வையுங்கள். முழங்கால் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். தொடை வலிக்குக் காரணம் வேறு. பல எஸ்யூவிகளில் உயரம் மாற்றும் லிவர் டிரைவர் சீட்டுக்கு மட்டும்தான். (பக்கத்தில் இருப்பவர் மனிதர் இல்லையா?) தாழ்ந்த சீட்டில் நெட்டையானவரின் முழங்கால் மேலேறி, தொடை அந்தரத்தில் நிற்கும், பாரமெல்லாம் இடுப்பில் இறங்கும். சீட்டின் முன்விளிம்பில் மெல்லிய துண்டு ஒன்றை மடித்து வைக்கலாம். வழுக்கும் தலையணை வேண்டாம், பெல்ட் இடுப்பெலும்பைவிட்டு வயிற்றுக்கு ஏறிவிடும். டேஷ்போர்டில் காலை நீட்டவே கூடாது. உள்ளே ஏர்பேக் இருக்கிறது.

சுமார் 190 கி.மீ. பயணம். இரண்டு முறையாவது இறங்கி நடக்கட்டும். ஜூ டவுன் தெரு குறுகல், வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும். அங்கே 1568-இல் கட்டிய பரதேசி யூத ஆலயத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நீலச் சித்திர வேலைப்பாடுள்ள சீனத் தரையோடுகளில் நடக்கலாம். சனிக்கிழமை போகாதீர்கள், ஓய்வுநாள் என்று மூடியிருக்கும்.