அம்மாயியை எங்கே வைப்பது?

கேள்வி: ராசிபுரம் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் என் அம்மாயிக்கு 84 வயது. இருமுறை விழுந்துவிட்டார். எங்களோடு வர மறுக்கிறார். முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா?
- வாசகி, நாமக்கல்

பதில்: ஏன் விழுந்தார் என்று முதலில் பாருங்கள். கண்புரை, மாத்திரையால் வரும் தலைசுற்றல், இருட்டில் வெளியே போக வேண்டிய கழிப்பறை என்று சரிசெய்யக்கூடிய காரணமாகவே இருக்கலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முழுதாகக் காட்டுங்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இரவுத் துணைக்கு ஓர் ஆள் அவசியம். மறதி முற்றி, அடுப்பை அணைக்கவே மறந்தால் இல்லத்தில் சேர்ப்பது தவறே இல்லை. ஆனால் அவரிடம் சொல்லாமல் முடிவெடுக்காதீர்கள், அவரையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். முதியோர் உதவி எண் 14567.